‘என் வாழ்க்கையை மாற்றிய புத்தகம்’ எல்லோருக்கும் இருந்தே ஆகவேண்டுமா?

நீங்கள் கேட்டதைச் சுருக்கினால் இப்படி வருகிறது. வெள்ளவத்தையில் இருக்கிறீர்கள், வங்கியில் வேலை, சின்ன வயதிலிருந்தே வாசிக்கிறவர். ஒரு பிறந்தநாள் வீட்டில் நாலைந்து பேர் ‘என் வாழ்க்கையையே மாற்றிய புத்தகம்’ என்று ஆளுக்கொன்றாகச் சொல்லிக்கொண்டு போக, உங்கள் முறை வந்தபோது சொல்வதற்கு ஒன்றும் இருக்கவில்லை. வாயில் வந்த பெயரொன்றைச் சொல்லிச் சமாளித்திருக்கிறீர்கள். அப்படி மாற்றக்கூடிய புத்தகம் எது என்று கேட்கிறீர்கள். பதினொரு வயது மகளுக்கு எதைக் கொடுத்தால் அவளுக்காவது அது நடக்கும் என்றும் கேட்கிறீர்கள். உங்கள் கேள்வியை இரண்டு மூன்று தரம் வாசித்தேன். இத்தனை வாசித்தும் எனக்குள் ஒன்றும் நடக்கவில்லையே, நான் வாசிக்கிற விதத்தில் ஏதும் பிழையோ என்ற கவலைதான் அதற்குள் இருக்கிறது. முதலில் அதற்குப் பதில் சொல்கிறேன், மகளிடம் பிறகு வருகிறேன்.

நான் கொழும்பில் தமிழ் படிப்பித்த ஆள். பள்ளிக்கூட நூலகமும் பெரும்பாலும் என் பொறுப்பில்தான் இருந்தது. ஓய்வுபெற்ற பிறகும் ஒரு வாசிகசாலையின் இரவல் பகுதியில் உட்காருகிறேன். ஆகவே எனக்குப் பழக்கமானவை மூன்று: புத்தகம் கேட்டு வருகிறவர்களின் முகம், திருப்பித் தரும்போது அவர்கள் சொல்வது, இருபது வருடம் கழித்துக் காலி வீதியில் கண்டால் அவர்கள் நினைவுபடுத்துவது. மூளைக்குள் என்ன நடக்கிறது என்பது என் துறை இல்லை. அந்த ஆய்வுகளை ஆர்வத்தில் வாசிப்பேன், அவ்வளவுதான். கீழே நான் சொல்வதில் பாதி படித்தது, பாதி பார்த்தது. எது எது என்று சொல்லிக்கொண்டே போகிறேன்.

உறுதியாகச் சொல்லக்கூடியது கொஞ்சம்தான். நிறைய வாசிக்கிற பிள்ளைக்குச் சொல்வளம் கூடும். சொல்வளம் கூடினால் அடுத்த புத்தகம் இலகுவாகும், இலகுவானால் இன்னும் வாசிக்கும். வாசிக்காத பிள்ளைக்கு இதே சுற்று மறுபக்கமாகச் சுற்றும். கீத் ஸ்டானோவிச் என்ற உளவியலாளர் 1986இல் இதை விரிவாக எழுதினார், வகுப்பில் நின்ற எந்த ஆசிரியருக்கும் அது புதினமாக இருக்காது. 2010இல் வெளியான ஓர் ஆய்வு 27 நாடுகளின் தரவுகளைப் பார்த்தது. புத்தகம் நிறைந்த வீட்டில் வளர்ந்த பிள்ளைகள், புத்தகமே இல்லாத வீட்டுப் பிள்ளைகளைவிடச் சராசரியாக 3 ஆண்டுகள் கூடுதலாகப் படித்திருந்தார்கள். பெற்றோரின் படிப்பையும் தொழிலையும் கணக்கில் எடுத்த பிறகும் அந்த வித்தியாசம் மிஞ்சியது. ஆனால் அலுமாரியில் இருந்த புத்தகம்தான் அதைச் செய்ததா, புத்தகம் வாங்குகிற வகையான வீடு செய்ததா என்பதை அப்படியான ஆய்வு பிரித்துக் காட்டாது.

சந்தேகத்துக்குரியது இதைவிடப் பெரிது. நல்ல இலக்கியம் வாசித்தால் மற்றவர் மனம் விளங்கும், இரக்கம் கூடும் என்று மேடைக்கு மேடை சொல்கிறோம். 2013இல் ‘சயன்ஸ்’ சஞ்சிகையில் டேவிட் கிட், எமானுவெலே கஸ்தானோ என்ற இருவர் ஆய்வொன்றை வெளியிட்டார்கள். இலக்கியத் தரமான சிறு பகுதியொன்றை வாசித்த உடனேயே மற்றவர் உணர்ச்சியை ஊகிக்கும் திறன் உயர்கிறது என்றது அது. உலகம் முழுக்கப் பத்திரிகைகள் தூக்கிவைத்துக் கொண்டாடின. பிறகு வேறு குழுக்கள் அதே சோதனையை இன்னும் கூடுதல் ஆட்களை வைத்துத் திருப்பிச் செய்தபோது அந்த முடிவு வரவில்லை. வாழ்நாள் முழுக்க வாசிப்பவர்களிடம் அப்படி ஒரு தொடர்பு தெரிகிறது என்பது வேறு கதை. ஒரு புத்தகம், ஒரு மாலை, ஒரு புது மனிதன் என்பதற்கு ஆதாரம் மெலிவு. உங்கள் பிறந்தநாள் வீட்டில் பேசப்பட்டது இந்த இரண்டாவது வகைக் கதை.

சரி, மனிதர்கள் பொய்யா சொல்கிறார்கள்? இல்லை. மிகப் பிரபலமான சாட்சியையே எடுத்துப் பாருங்கள். 1904இல் காந்தி ஜொகன்னஸ்பர்க்கிலிருந்து டர்பனுக்கு ரயில் ஏறுகிறார். வழியனுப்ப வந்த நண்பர் ஹென்றி போலக், ஜோன் ரஸ்கின் எழுதிய ‘அன்டு திஸ் லாஸ்ட்’ என்ற சிறு புத்தகத்தைக் கையில் கொடுக்கிறார். காந்தியால் அதைக் கீழே வைக்க முடியவில்லை, அன்றிரவு தூக்கமும் இல்லை. அதில் சொன்னபடி வாழ்க்கையை மாற்றிக்கொள்வதென்று முடிவெடுத்து, அதே வருடம், எல்லோரும் சேர்ந்து உழைத்து வாழும் பீனிக்ஸ் குடியிருப்பைத் தொடங்கிவிட்டார். பட்டிமன்றத்தில் இதுவரைக்கும் சொல்வார்கள். இதற்குப் பக்கத்திலேயே தன் சுயசரிதையில் காந்தி எழுதியதைச் சொல்லமாட்டார்கள்: தன் ஆழமான நம்பிக்கைகளில் சில அந்தப் புத்தகத்தில் பிரதிபலிப்பதைக் கண்டதாலேயே அது தன்னை ஆட்கொண்டது என்கிறார். அதாவது நம்பிக்கை ஏற்கனவே உள்ளே இருந்தது. உடலுழைப்பு, எளிய வாழ்க்கை என்று அவர் ஏற்கனவே அந்தப் பக்கம் நடந்துகொண்டிருந்தார். புத்தகம் அவருக்குத் துணிவு கொடுத்தது. இன்னொன்றையும் கவனியுங்கள், புத்தகம் கடையில் தற்செயலாகக் கண்ணில் பட்டதல்ல. இந்த மனிதனுக்கு இது சரியாக இருக்கும் என்று தெரிந்த ஒருவர், ரயில் புறப்படும் நேரத்தில், வேறு வேலை இல்லாத நீண்ட பயணத்துக்கு முன் கையில் வைத்தார்.

இன்னொரு மேடைக் கதை, அமெரிக்க உள்நாட்டுப் போர்க் காலத்தில் நாவலாசிரியை ஹரியட் பீச்சர் ஸ்டோவை ஜனாதிபதி ஆபிரகாம் லிங்கன் சந்தித்து, இந்தப் பெரிய போரை உண்டாக்கிய சின்னப் பெண்மணி நீங்கள்தானா என்று கேட்டது. 1852இல் அவருடைய ‘அங்கிள் டொம்ஸ் கெபின்’ முதல் ஆண்டிலேயே அமெரிக்காவில் மூன்று இலட்சம் பிரதிகள் போனது உண்மை, அடிமை முறை பற்றிய விவாதத்தைச் சூடாக்கியதும் உண்மை. லிங்கன் சொன்னதாக வரும் வாக்கியமோ, இருவரும் இறந்து போன பிறகே அச்சில் தலைகாட்டுகிறது. நான் அதை வகுப்பில் சொன்னதில்லை.

இனி நான் பார்த்தது. இரவல் மேசையிலிருந்து பார்த்தால், ஒரு புத்தகம் ஒருவரைப் பிடித்து உலுக்கியதாகச் சொல்லப்பட்ட இடத்திலெல்லாம் மூன்று விடயம் சேர்ந்தே இருந்தது: வயது, கொடுத்த கை, வேறு புத்தகம் கிடைக்காத நிலை. புத்தகத்தின் தரம் நாலாவதாகத்தான் வரும். இலக்கிய நண்பர்கள் கோபிப்பார்கள், பரவாயில்லை.

கிடைக்காத நிலையிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் என் தலைமுறையைக் கொழும்பில் வாசகராக்கியது அதுதான். 1970இல் பதவிக்கு வந்த அரசு இறக்குமதிகளை இறுக்கியது. அதுவரை சென்னையிலிருந்து வாராவாரம் வந்துகொண்டிருந்த சஞ்சிகைகளும் நாவல்களும் அரிதாகிப் போயின. பழைய இதழ்களில் வந்த தொடர்கதைகளைக் கழற்றித் தைத்து ‘பைண்ட்’ செய்து வைத்திருந்த வீடுகளுக்குத் திடீரென்று மதிப்பு வந்தது. கொட்டாஞ்சேனையில் அப்படி ஒரு வீட்டு மாமியிடம் ஒரு பாகம் வாங்க வேண்டுமென்றால் முந்தின பாகத்தைக் கசங்காமல் திருப்பிக் கொடுக்க வேண்டும், அதோடு கதையையும் சொல்ல வேண்டும். அந்த வெற்றிடத்தில்தான் வீரகேசரி பிரசுரம் உள்ளூர் எழுத்தாளர்களின் நாவல்களை மலிவு விலையில் வரிசையாகக் கொண்டுவந்தது. பாலமனோகரனின் ‘நிலக்கிளி’ 1973இல் வந்தது அப்படித்தான். வன்னியில் தண்ணிமுறிப்பு என்ற காட்டுக் கிராமம், பதஞ்சலி என்ற பெண். கொழும்பில் பிறந்து வளர்ந்து, வவுனியாவுக்கு அங்கால் ரயில் ஜன்னலுக்கு வெளியே மட்டும் காட்டைக் கண்ட எங்களுக்கு, அந்தக் காடு நாங்கள் பார்த்த இடம் போல ஆகிவிட்டது. மகளுக்குப் பதஞ்சலி என்று பெயர் வைத்த ஒருவரை எனக்குத் தெரியும், அவருக்கு வன்னியில் ஒரு சொந்தக்காரர்கூட இல்லை. செங்கை ஆழியானின் ‘வாடைக்காற்று’ம் அதே காலம், பிறகு படமாகவும் வந்தது. 1977க்குப் பிறகு சந்தை திறந்து இந்தியச் சஞ்சிகைகள் திரும்பக் குவிந்தபோது உள்ளூர்ப் பதிப்பு தளர்ந்தது. ஆனால் அந்த ஏழு வருடத்தில் இளவயதாக இருந்தவர்களிடம் கேட்டால் இந்த நாவல்களை வரி வரியாகச் சொல்வார்கள். இன்று ஒரு பிள்ளையிடம் அதே நாவலைக் கொடுத்தால் நல்லாயிருக்கு என்று சொல்லித் திருப்பித் தரும். நாவல் அதேதான். அன்று அதற்குப் பக்கத்தில் போட்டி இருக்கவில்லை.

அதே காலத்தில் இன்னொரு வாசலாலும் புத்தகம் வந்தது. மொஸ்கோவின் முன்னேற்றப் பதிப்பகம் தமிழிலேயே அச்சிட்டு அனுப்பிய புத்தகங்கள். கெட்டி அட்டை, நல்ல தாள், நம்ப முடியாத மலிவு. கம்யூனிசத்தில் ஒரு துளி ஆர்வமும் இல்லாத வீடுகளில்கூட இவை இருந்தன, ஏனென்றால் அவ்வளவு காசுக்கு அவ்வளவு தடித்த புத்தகம் வேறெங்கும் இல்லை. ரா. கிருஷ்ணையா, பூ. சோமசுந்தரம் போன்றவர்களின் மொழிபெயர்ப்பில் ரஷ்யப் பனி எங்கள் வியர்வைக்குள் இறங்கியது. போரிஸ் பொலெவோய் எழுதிய ‘உண்மை மனிதனின் கதை’ என் நூலகத்தில் தேய்ந்து நூல் பிரிந்த புத்தகங்களில் ஒன்று. 1942இல் விமானம் வீழ்ந்து, காட்டுப் பனியில் பதினெட்டு நாள் தவழ்ந்து, இரண்டு காலையும் இழந்து, மறுபடி போர் விமானம் ஓட்டிய அலெக்சேய் மரேஸ்யெவ் என்ற உண்மையான விமானியின் கதை அது. நாவலில் அவர் பெயரில் ஓர் எழுத்து மட்டும் மாறும்.

உங்கள் கேள்விக்கான பதில் அந்த நாவலுக்குள்ளேயே ஒரு காட்சியாக இருக்கிறது. கால்கள் போய், பேச்சையும் நிறுத்திவிட்டு, வைத்தியசாலைக் கட்டிலில் சுவரைப் பார்த்துக் கிடக்கிறான் விமானி. பக்கத்துக் கட்டிலில் கிடக்கும் கொமிசார், அதாவது படையின் அரசியல் அதிகாரி, எங்கிருந்தோ ஒரு பழைய சஞ்சிகைக் கட்டுரையைத் தேடி எடுத்துக் கொடுக்கிறார். முதல் உலகப் போரில் ஒரு பாதத்தை இழந்த பிறகும் விமானம் ஓட்டிய ஒருவரைப் பற்றியது. விமானி வாசிக்கிறான். உடனே மாறினானா? இல்லை, மறுக்கிறான். அவனுக்குப் போனது ஒரு பாதம், எனக்கு இரண்டு கால், அந்தக் காலத்து விமானமும் ஒரு விமானமா என்கிறான். கொமிசார் விடவில்லை, ‘நீ சோவியத் மனிதன்’ என்று திருப்பித் திருப்பிச் சொல்கிறார். அந்த வசனத்தின் அரசியலைத் தள்ளிவைத்துப் பாருங்கள். துண்டுக் கட்டுரை தனியாக வேலை செய்யவில்லை. அதைத் தேடி எடுத்த மனிதன், மறுப்பைக் கேட்டுக்கொண்டு பக்கத்திலேயே கிடந்த மனிதன் இருந்தான். இந்த நாவலை வாசித்து வாழ்க்கை மாறியது என்று என்னிடம் சொன்னவர்களை மெதுவாகக் கதை கேட்டால், அநேகமாக ஒரு ஆசிரியரோ அண்ணனோ பக்கத்து வீட்டுத் தொழிற்சங்கக்காரரோ வெளியே வருவார்.

டொமினிக் ஜீவாவின் வாழ்க்கையும் இதைத்தான் காட்டுகிறது. பள்ளிப் படிப்பை இடையில் விட்டு, யாழ்ப்பாணத்தில் சலூனில் முடிவெட்டிக்கொண்டே எழுத்தாளரானவர், ‘தண்ணீரும் கண்ணீரும்’ தொகுப்புக்குச் சாகித்திய பரிசு வாங்கியவர், 1966இல் ‘மல்லிகை’ சஞ்சிகையைத் தொடங்கிக் கையில் வைத்து விற்றவர், பிற்காலத்தில் அதைக் கொழும்பிலிருந்து நடத்தியவர். அப்படிப்பட்டவருக்கு ஒரு புத்தகம்தான் திருப்பமாக இருந்திருக்கும் என்று நினைக்கத் தோன்றும். ஆனால் அவர் பெயரோடு ‘ஜீவா’ ஒட்டிக்கொண்டது, தமிழகக் கம்யூனிஸ்ட் தலைவர் ப. ஜீவானந்தம் என்ற மனிதர் மேலிருந்த ஈடுபாட்டால். புத்தகங்கள் அந்த மனிதருக்குப் பின்னால் வந்தன.

வயதைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. பத்து வயதுக்கும் முப்பதுக்கும் இடைப்பட்ட காலத்து நினைவுகள்தான் முதுமையில் மிகுதியாகவும் துலக்கமாகவும் திரும்பி வருகின்றன என்பது உளவியலில் பல முறை உறுதியான விடயம். அந்த வயதில் முதல் காதல், முதல் சம்பளம், வீட்டை எதிர்த்த முதல் பேச்சு எல்லாம் நடக்கும். பக்கத்தில் ஒரு புத்தகம் கிடந்தால் அதற்கும் அந்த வெளிச்சம் விழும். என் மாணவன் ஒருவன் பெரெல்மானின் ‘பொழுதுபோக்கு பௌதிகம்’ புத்தகத்தைத் தவணைக்குத் தவணை இரவல் எடுத்தான். இப்போது பொறியியலாளர், அந்தப் புத்தகம்தான் காரணம் என்று எல்லோரிடமும் சொல்கிறான். அவனுடைய தகப்பன் கிராண்ட்பாஸ் பக்கம் ரேடியோ திருத்துகிறவர், வீடு முழுக்கக் கழற்றிப் போட்ட ரேடியோக்கள். புத்தகம் இல்லாவிட்டால் அவன் என்ன ஆகியிருப்பான் என்பதை யாரும் சோதித்துப் பார்க்க முடியாது. அவன் நன்றியை நான் குறைத்துப் பேசவில்லை. அந்த நன்றியில் தகப்பனுக்கும் பங்கு உண்டு என்கிறேன்.

வாழ்க்கையை மாற்றுவது இப்படிச் சிக்கலான விடயம். கற்பனையை உருவாக்குவது வேறு, அதில் புத்தகத்தின் கை நேராகவே தெரியும். கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ 1950இல் வாரத் தொடராகத் தொடங்கி மூன்றரை வருடம் போனது. அதில் வந்தியத்தேவன் கடல் தாண்டி எங்கள் நாட்டுக்கு வருகிறான், அனுராதபுரத்துக்குப் போகிறான். சோழ இளவரசன் அங்கே சிதைந்த விகாரைகளைத் திருத்தச் சொல்கிறான், பிக்குகள் கொடுக்க வந்த இலங்கை முடியை வேண்டாம் என்கிறான். கொழும்புத் தமிழ்ப் பிள்ளை இதை வீட்டில் வாசித்துவிட்டு அடுத்த நாள் பள்ளிக்கூடம் போனால் வரலாற்றுப் புத்தகத்தில் சோழர் அனுராதபுரத்தைச் சூறையாடியவர்கள், 1017இல் ஐந்தாம் மகிந்தனைப் பிடித்துக்கொண்டு போனவர்கள். வகுப்பில் ஒவ்வொரு வருடமும் யாராவது ஒரு பிள்ளை எழும்பி, சேர் எது உண்மை என்று கேட்கும். அந்தக் கேள்வியைப் போல அருமையான கேள்வி என் வகுப்பில் வேறு வந்ததில்லை. கல்கி எழுதியது நாவல், இளவரசன் முடியை மறுத்த காட்சி அவர் கற்பனை. சோழர் படையெடுப்பும் மகிந்தன் பிடிபட்டதும் இரு தரப்பு ஆதாரங்களாலும் உறுதியானவை. ஆனால் எங்கள் பலருக்கு அனுராதபுரம் என்றால் இன்றும் முதலில் தோன்றுவது வந்தியத்தேவன் நடந்த இருட்டு வீதிதான், சுற்றுலாவில் பார்த்த தாதுகோபம் பிறகுதான். இதைப் புத்தகம் செய்தது என்று தயங்காமல் சொல்வேன். நல்லதா கெட்டதா என்றால் இரண்டும் உண்டு. அந்தப் பழம்பெருமையை அப்படியே வரலாறாக எடுத்துக்கொண்டு மேடையேறியவர்களையும் பார்த்திருக்கிறோம்.

இந்த ஊரில் இன்னொன்றும் சேர வேண்டும். புத்தகம் இழந்த மனிதர்கள் நாங்கள். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது போனது ஏறத்தாழ 97,000 புத்தகங்கள், ஏடுகளும் சேர்த்து. 1983 ஜூலையில் கொழும்பில் எரிந்த வீடுகளுக்குள் இருந்த அலுமாரிகளை யாரும் எண்ணவில்லை. பிறகு வந்த வருடங்களில் சோதனைக்குப் பயந்து தமிழ்ப் புத்தகங்களைக் கட்டி யாரிடமாவது கொடுத்துவிட்ட வீடுகளும் உண்டு. இழந்த புத்தகம் மனதில் வளர்ந்துகொண்டே போகும். என் வாசிகசாலைக்கு வயதானவர்கள் வந்து, நாற்பது வருடமாகத் தேடுகிறேன், என் வாழ்க்கையின் புத்தகம் அது என்று ஒரு பெயர் சொல்வார்கள். சில வேளை தேடி எடுத்துக் கொடுப்போம். ஒரு கிழமை கழித்து வந்து, இதுதானா அது என்று கேட்பார்கள். அவர்கள் தேடியதில் அந்த வீடு, அந்த முற்றம், வாசித்துக் காட்டிய தாய் எல்லாம் இருந்தன.

ஆகவே பிறந்தநாள் வீட்டில் கேட்ட பட்டியலை அப்படியே நம்பாதீர்கள். சபையில் சொல்லத் தகுந்த புத்தகத்தைத்தான் மனிதர்கள் சொல்வார்கள். அம்புலிமாமா என்று யாரும் சொன்னார்களா? தோளில் வேதாளத்தோடு விக்கிரமாதித்தன் நடக்கிற, ஓவியர் சங்கர் வரைந்த அந்தப் படம் என் தலைமுறைக்குக் கதை என்றால் என்ன என்பதையே சொல்லிக்கொடுத்தது. 1972இல் தொடங்கிய முத்து காமிக்ஸின் இரும்புக்கை மாயாவியை யாரும் சொல்லியிருக்கமாட்டார்கள். பாடப்புத்தகத்தை நிச்சயமாகச் சொல்லியிருக்கமாட்டார்கள். 1980 முதல் அரசு இலவசமாகக் கொடுக்கும் பாடநூல்களைப் போல இந்த நாட்டில் இத்தனை பிள்ளைகள் வரி விடாமல் வாசித்த புத்தகம் வேறில்லை. ஆறுமுக நாவலரின் பாலபாடம் எங்கள் பாட்டன்மாரின் வாக்கியத்தையே அமைத்தது. எங்களை ஆக்கிய புத்தகங்களில் பாதி, நாங்கள் வெறுத்து மனப்பாடம் செய்தவை.

உங்களுக்கு என் பதில் இதுதான்: உங்கள் வாசிப்பில் பிழை இல்லை. இளவயதில் தட்டுப்பாடு இல்லாமல், நிறையப் புத்தகங்களுக்கு நடுவில் வாசித்தவர்களுக்கு ஒரு புத்தகம் மட்டும் தனியாக எழும்பி நிற்பது குறைவு. என் அனுபவத்தில் ஆழமான வாசகர்கள்தான் இந்தக் கேள்விக்குத் தடுமாறுவார்கள். வருடத்துக்கு ஒரு புத்தகம் வாசிப்பவர் டக்கென்று பதில் சொல்லிவிடுவார். இது என் மேசையிலிருந்து தெரிந்தது மட்டும், ஆய்வு முடிவாக எடுத்துக்கொள்ளாதீர்கள். கேள்வியைக் கொஞ்சம் மாற்றிக் கேட்டுப் பாருங்கள். நீங்கள் போகாத எந்த ஊரின் வீதிகள் உங்களுக்குத் தெரியும்? எந்தப் பாத்திரத்தோடு மனதுக்குள் இன்னும் சண்டை பிடிக்கிறீர்கள்? எந்தப் புத்தகத்தை இரவல் கொடுத்துத் திரும்பி வராததால் அந்த ஆளையே தவிர்க்கிறீர்கள்? பெயர்கள் வரும். உங்கள் ஊரைப் பற்றியே வாசிக்க விரும்பினால் தெளிவத்தை ஜோசப்பின் ‘குடைநிழல்’ எடுங்கள். சிறிய நாவல், கொழும்பில் ஒரு தமிழன் சந்தேகத்தில் பிடிபட்டால் என்ன ஆகும் என்பது கதை. அது உங்களை மாற்றும் என்று உத்தரவாதம் தரமாட்டேன். பம்பலப்பிட்டியில் பஸ்ஸுக்கு நிற்கும்போது ஞாபகம் வரும்.

இனி மகள். பதினொரு வயது என்றால் ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் பரீட்சையைத் தாண்டிய கையோடு இருக்கிறாள். கொழும்பில் பிள்ளைகள் கதைப்புத்தகத்தைக் கைவிடுவது அந்தப் பரீட்சைக்கு முந்திய இரண்டு வருடத்தில், அதற்குப் பிறகு பலர் திரும்பி வருவதேயில்லை. அவளுக்கு இப்போது வேகம் திரும்ப வேண்டும், உயர்ந்த இலக்கியம் பிறகு வரட்டும். காமிக்ஸ் கேட்டால் காமிக்ஸ் கொடுங்கள். ஒரே தொடரின் பத்துப் புத்தகத்தையும் கேட்டால் கொடுங்கள். ஆங்கிலத்தில் மட்டும் வாசிக்கிறாள் என்றால் தமிழில் தனியே வாசி என்று விரட்டாமல் இரவில் நீங்கள் வாசித்துக் காட்டுங்கள், ‘பொன்னியின் செல்வ’னில் வந்தியத்தேவன் இங்கே வந்து சேரும் பகுதி இதற்கு நன்றாகப் போகும். மார்ட்டின் விக்கிரமசிங்கவின் ‘மடோல் தூவ’ தமிழிலும் இருக்கிறது. 1947இல் வந்தது, கொக்கலப் பக்கத்துக் குழப்படிப் பையன் உபாலியும் அவன் கூட்டாளி ஜின்னாவும் ஓடிப்போய்த் தீவில் குடியேறுகிற கதை. பக்கத்து வீட்டுச் சிங்களப் பிள்ளைகள் எல்லோருக்கும் தெரிந்த கதை உங்கள் மகளுக்கும் தெரிந்திருப்பது இந்த ஊரில் பெரிய உபகாரம். தெத்சுகோ குரோயாநகியின் ‘டோட்டோ சான்’ அடுத்தது. பள்ளிக்கூடத்திலிருந்து விலக்கப்பட்ட சிறுமிக்கு, அவள் பேசப் பேசக் கேட்டுக்கொண்டே இருக்கிற ஓர் அதிபர் கிடைக்கிறார். அதை நீங்களும் வாசியுங்கள். வாசித்து முடித்தவுடன் இதிலிருந்து என்ன படிப்பினை என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். அந்தக் கேள்வியால் வாசிப்பை விட்ட பிள்ளைகளின் பெயர்களை நான் வரிசையாகச் சொல்வேன்.

வாங்கித்தான் கொடுக்க வேண்டும் என்று இல்லை. 2022 நெருக்கடியில் தாள் இல்லாமல் மேல் மாகாணத்தில் பரீட்சையையே தள்ளிவைத்தார்கள். ரூபாய் விழுந்ததோடு இந்தியப் புத்தக விலை ஏறியது ஏறியதுதான். ஒவ்வொரு செப்டெம்பரும் பண்டாரநாயக்க ஞாபகார்த்த மண்டபத்தில் நடக்கும் கண்காட்சிக்குப் போய் வாருங்கள், ஆனால் அங்கே கையில் கணக்கோடு நில்லுங்கள். டீ. ஆர். விஜேவர்தன மாவத்தைப் பழைய புத்தகக் கடைகளில் தமிழ் குறைவு, ஆங்கிலச் சிறுவர் புத்தகம் அள்ளலாம், பேரம் பேசத் தெரிய வேண்டும். ‘நிலக்கிளி’ போன்ற பழைய ஈழத்து நூல்களுக்கு 2005இல் தொடங்கிய நூலகம் இணையத்தளம் இருக்கிறது, அங்கே இலவசமாக வாசிக்கலாம். உங்களுக்கு மிகக் கிட்ட இருப்பது 57ஆம் ஒழுங்கையில் கொழும்புத் தமிழ்ச் சங்கத்தின் நூலகம், 1942இல் தொடங்கிய சங்கம். கொழும்புப் பொது நூலகத்தில் சிறுவர் பகுதி தனியே உண்டு, சனிக்கிழமையொன்றில் கூட்டிப் போங்கள். எங்கே சேர்த்தாலும் இரவல் அட்டையை அவள் பெயரிலேயே எடுங்கள். புத்தகத்தை அவளே தெரிவுசெய்யட்டும், நீங்கள் சஞ்சிகைப் பகுதியில் இருங்கள். தவணை பிந்தினால் குற்றப்பணத்தையும் அவளே தன் உண்டியலிலிருந்து கட்டட்டும்.